செடியைக் காட்டியவர் பெயர்

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தினுள்ளே, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல நிலையத்தில், இன்றளவும் ‘மதராஸ் ஹெர்பேரியம்’ என்னும் பழைய பெயராலேயே வழங்கப்பெறுகின்ற ஒரு பெருஞ்சேகரம் இருக்கிறது. சென்னை ராஜதானியின் காடுகளிலும் கடற்கரைகளிலும் பறிக்கப்பட்டு, அழுத்தி உலர்த்தப்பெற்று, தடித்த தாளில் ஒட்டியும் தைத்தும் வைக்கப்பட்ட இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட தாவர மாதிரிகள் அங்கே அலமாரிகளில் குடும்பவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒரு தாளை எடுத்து விரித்துப் பார்ப்பவர்க்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மலைச்சரிவில் பூத்து நின்ற கிளையொன்று, நிறமிழந்து பழுப்பேறியும், நரம்பும் ரோமமும் மகரந்தப்பையும் கெடாமல், உதிர்ந்த பூவையும் விதையையும் சிறு காகித உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு கிடப்பது மிகுந்த வியப்பை அளிக்கும். தாளின் வலது கீழ்மூலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். செடியின் லத்தீன் பெயர், பறித்த இடம், கடல்மட்டத்துக்கு மேல் அவ்விடத்தின் உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், அவர் இட்ட வரிசை எண் ஆகியவை அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சேகரிப்பாளரைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, ‘இதற்கு இன்ன பெயர், இன்ன நோய்க்கு இது ஆகும்’ என்று செடியைத் தொட்டுக் காட்டியவர் யார் என்பது மட்டும் பெரும்பாலான சீட்டுகளில் இராது.

இந்த விடுபாடு அற்பமானதென்று கருதுவோர் பலர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. காட்டுத் தாவரங்களை ஆராய்ச்சிக்காகச் சேகரிப்பதைச் சர்க்கார் இன்னும் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்பதும், அந்தச் சேகரத்திலிருந்து மருந்தும் வாணிபமும் பிறக்குமானால் அதற்குக் கணக்குக் கேட்பதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதும், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதற்கு அந்தச் சீட்டில் இன்னும் ஒரு வரி சேர்ந்தாக வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

மாதிரி ஒன்று உருவாகும் விதத்தைச் சற்று அருகிலிருந்து கவனித்தால் அந்த வரியின் அவசியம் விளங்கும். பூவோ காயோ உள்ள கிளையாகப் பார்த்து வெட்டி, சிறு செடியானால் வேரோடு எடுத்து மண்ணை உதறி, பழைய செய்தித்தாளின் மடிப்புக்குள் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி விரித்து, ஓரிரண்டு இலைகளை அடிப்புறம் தெரியுமாறு திருப்பி வைத்து, அப்படிப்பட்ட மடிப்புகள் பலவற்றைச் சட்டமிட்ட இரு பலகைகளுக்கிடையே அடுக்கி, வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். ஈரம் உறிஞ்சிய தாள்களை நாள்தோறும் மாற்றியாக வேண்டும். மழைக்காலத்து மலையில் இதில் ஒரு நாள் அசட்டையாக இருந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்ந்தபின் பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய நாட்களில் பாதரசக் கலவையில் தோய்த்தெடுப்பது வழக்கம். இவ்வளவு பாடுபட்டும் பூவின் நிறமும், கசக்கினால் எழும் மணமும், பட்டையைக் கீறினால் வடியும் பாலும், மரம் நின்ற உயரமும் தாளில் ஏறமாட்டா. ஆகையால் அவற்றைச் சேகரிப்பாளர் அங்கேயே, செடி வாடுமுன், குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். செடி வாடினால் எவை மறைந்துபோகுமோ அவற்றையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்பதே சீட்டின் நியாயமென்றால், செடியைப் பற்றி அந்தக் காட்டில் வாழ்பவர் அறிந்திருந்ததும், அதை அறிந்திருந்தவர் யார் என்பதும் அந்த நியாயத்துக்கு உட்பட்டவையே அல்லவா? மணத்தைவிட விரைவாக மறைவது அதுதான்.

முன்னோர் எவருமே இதை நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொச்சியில் டச்சுக்காரரின் கவர்னராயிருந்த ஹென்றிக் வான் ரீடே தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ என்னும் பெருநூலின் முதல் தொகுதியிலே, செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்ன ஈழவ வைத்தியராகிய இட்டி அச்சுதன், தாம் சொன்னவை மெய்யென்று தம் கைப்பட எழுதிக்கொடுத்த சாட்சியம் அவருடைய எழுத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணிப் பண்டிதர்களின் சாட்சியமும் அவ்வாறே இடம்பெற்றது. மரமேறிக் கிளை வெட்டி வந்தவர்களின் பெயர் அதிலும் இல்லை என்பது உண்மையே. எனினும், மிளகுக்காகப் போர் நடத்திய ஒரு கம்பெனியின் அதிகாரி பதினேழாம் நூற்றாண்டில் செய்ததை, ஜனநாயகக் குடியரசில் உள்ள நம் கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும் இன்னும் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன் பின்னர் நம் பக்கத்தில் நடந்தது பெருஞ்சேகரிப்புக் காலம். லின்னேயஸின் மாணாக்கராகிய கேனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தார். அவரையடுத்து 1776-இல் அதே ஊருக்குப் பாதிரியாக வந்து, பின்னாளில் தமிழ் – ஆங்கில அகராதி தொகுத்தவராக நாம் அறிந்த ராட்லர் திரட்டிய உலர்தாள்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து கியூ தோட்டத்துக்குச் சென்று சேர்ந்தன. சென்னை ராஜதானியில் பல்லாண்டு உழைத்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட சித்திர நூல்களில் உள்ள படங்களை ரங்கய்யா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். அவர்கள் பெயர் படங்களில் இருக்கிறது. கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்கிட் பேரினத்துக்கே வைட் பெயரிட்டார். படம் வரைந்தவருக்குக் கிடைத்த இந்த மரியாதை, காட்டில் அலைந்து செடியைக் கொண்டுவந்து கொடுத்தவர்க்குப் பொதுவாகக் கிடைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க நேருவால் அழைக்கப்பெற்ற ஜானகி அம்மாள், பழங்குடி மக்கள் தாவரங்களைப் பற்றி அறிந்தவற்றைத் தொகுப்பதும் அத்துறையின் கடமை என்று 1950-களிலேயே அதற்கு வழிசெய்தார். ஆனால் மக்களின் அறிவைத் தொகுப்பது வேறு, அறிந்த மனிதரைப் பதிவு செய்வது வேறு. முன்னது நடந்த அளவுக்குப் பின்னது நடக்கவில்லை.

பொதிகையில் நடந்த ஒரு வரலாறு இதற்கு மிகச் சிறந்த திருஷ்டாந்தம். டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ் என்று தாவர சாஸ்திரிகள் வழங்குகின்ற சிறு பூண்டு ஒன்று உண்டு. தரையோடு தரையாக, ஈரமான நிழலில், ஓடைகளின் ஓரத்தில் வளர்வது. இலங்கைச் செடியென்று குறித்து ஜெர்மானியராகிய கேர்ட்னர் 1788-இலேயே அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். பொதிகையாகிய அகஸ்தியமலைச் சரிவுகளிலும் அது வளர்கிறதென்பது பிற்காலத்துத் தாவர நூல்களில் பதிவாகியிருந்தது. ஆக, உலகத்து விஞ்ஞானத்துக்கு அந்தச் செடி ஏறத்தாழ 200 ஆண்டுகளாகத் தெரிந்த செடி. தெரிந்தும், அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்பது எந்தத் தாவரவியலாருக்கும் தெரியாத செடி.

1987-ஆம் ஆண்டின் இறுதியில், பழங்குடி மக்களின் தாவர அறிவை ஆராயும் அகில இந்தியத் திட்டத்தின் சார்பில், புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிகள் குழு அந்த மலையில் ஏறியது. வழிகாட்டிகளாக வந்தவர்கள் அம்மலையில் வாழும் பழங்குடியினராகிய காணிக்காரர்கள். மேடும் பள்ளமுமான பாதையில் விஞ்ஞானிகள் மூச்சுவாங்கி உட்கார்ந்த போதெல்லாம், வழிகாட்டிகள் மடியிலிருந்து சில சிறு காய்களை எடுத்து மென்றபடி சோர்வின்றி நடந்ததும், கேட்டு வாங்கித் தின்ற விஞ்ஞானிகளுக்கும் புதுத்தெம்பு பிறந்ததும், எந்தச் செடியின் காய் என்று சொல்ல அவர்கள் முதலில் இசையாமல் தயங்கியதும், குலத்தின் இரகசியம் தவறாகப் பயன்படாது என்று உறுதி கூறியபின் செடியைக் காட்டியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்ட செய்திகள். காட்டியவர்களுள் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோரின் பெயர்கள் பின்னாளில் உலகெங்கும் ஆய்வேடுகளில் இடம்பெற்றன. ‘ஆரோக்கியப்பச்சை’ என்று பெயர்பெற்ற அந்தச் செடி ஜம்முவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. காணிகள் தின்றது காயே ஆயினும், சோர்வைப் போக்கும் பொருள்கள் இலையிலும் இருப்பது அங்கே தெரியவந்தது. கேரளத்தில் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம், அந்த இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூரிலுள்ள ஆர்ய வைத்திய பார்மசிக்கு 1995-இல் ஏழாண்டு உரிமம் அளித்தது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இவ்விரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று அந்நிறுவனம் தானாகவே முடிவு செய்தது. அவ்வாறு கொடுக்கும்படி அந்நாளில் இந்தியாவில் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நினைவில் வைத்தால், அந்த முடிவின் பெருந்தன்மை விளங்கும்.

ஆனால் பெருந்தன்மை வேறு, ஏற்பாடு வேறு. பணத்தை வாங்கிக்கொள்வதற்குக் காணிகளின் பெயரால் ஓர் அறக்கட்டளை 1997-இல்தான் பதிவாயிற்று; பங்குப் பணம் கைக்கு வர மேலும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. செடியைக் காட்டியவர்கள் ஒரு பகுதியினர். ‘பிலாத்தி’ எனப்படும் குலவைத்தியர்கள் சிலரோ, எங்களைக் கேளாமல் எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிகளுக்கு விற்பதா என்று ஆட்சேபித்து 1995-இலேயே கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தச் செடி இலையில் சத்தேறி வளர்வதற்குக் காட்டு நிழலே வேண்டும் என்பதால், காணிக் குடும்பங்களைக் கொண்டு அங்கேயே பயிர்செய்விக்கும் முயற்சி நடந்தபோது, பயிரின் பெயரால் காட்டுச்செடி வேரோடு பிடுங்கப்படுமென்று வனத்துறை மறித்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் பெயரையே தன் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது. இவற்றுக்கிடையே ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. பொதிகையின் மேற்கே கேரளத்தில் காணிகள் இருப்பதுபோல், கிழக்கே நம் பக்கத்தில் பாபநாசத்துக்கு மேலே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய குடியிருப்புகளிலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் காணிகள் வாழ்கிறார்கள். மொழியும் குலமும் காட்டறிவும் ஒன்றே. அறக்கட்டளையின் பெயரிலோ ‘கேரள’ என்னும் சொல் முதலிலேயே நிற்கிறது. 1956-இல் மாநில எல்லை வகுத்தவர்கள் ஆரோக்கியப்பச்சையைக் கேட்டு வகுக்கவில்லை.

இந்தச் சச்சரவுகளுக்கெல்லாம் மூலம் பேராசை என்று சிலர் சொல்வார்கள். யார் சொன்னார்கள், யார் சார்பில் சொன்னார்கள், எந்தக் குடியிருப்பில், எந்த நிபந்தனையின் மேல் சொன்னார்கள் என்பது, சொன்ன அன்றைக்கே, செடியைப் பறித்த அதே இடத்தில், எழுத்தில் ஏறும் வழக்கம் நம்மிடம் இல்லாமற்போனதே மூலம் என்பேன். நிலத்துக்குப் பத்திரம் எழுதும்போது நான்கெல்லையும் சாட்சியும் இல்லாமல் எவரும் எழுதமாட்டார்கள். கோடிக்கணக்கில் பெறுமதி உண்டாகக்கூடிய அறிவுக்கு மட்டும், பணம் வந்தபின் சாட்சி தேடுகிறோம்.

மாதிரியின் அருமையைக் காணிக்காரரின் பக்கத்திலிருந்து மட்டுமன்றி, மருந்து தேடுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவோம். போர்னியோத் தீவின் சரவாக் பிரதேசத்தில், லுண்டு என்னும் இடத்தருகே, அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக்கழகத்துக்காகச் சேகரித்தவர்கள் 1987-இல் புன்னை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்திலிருந்து இலையும் சுள்ளியும் கொண்டுபோனார்கள். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் ‘கலனோலைட்’ என்னும் பொருள் அதில் இருப்பது சில ஆண்டுகள் கழித்துப் புலப்பட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று திரும்பிச் சென்று பார்த்தால் மரம் இல்லை, வெட்டப்பட்டுவிட்டது. அக்கம்பக்கத்தில் நின்ற அதே இனத்து மரங்களைக் கொண்டுவந்து சோதித்தால் அந்தப் பொருள் சொற்பமாகவே கிடைத்தது. ஆராய்ச்சியே அத்துடன் முடிந்திருக்கும். முதல் முறை பறித்தபோது முறைப்படி உலர்த்திச் சேமித்து வைத்திருந்த மாதிரித்தாள் இருந்தபடியால், அதை மீண்டும் நுணுகி ஆராய்ந்து, வெட்டுண்ட மரம் அந்த இனத்துள்ளும் தனியான ஓர் உள்வகையைச் சேர்ந்தது என்று தேர்ந்து, அதே உள்வகை மரங்கள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் நிற்பதைக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து தேவையான அளவு பெற்றார்கள். அந்தப் பொருள் இன்றுவரை மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை; அது வேறு கதை. சரவாக் சர்க்கார், அந்தப் பொருளை மருந்தாக்க முனைந்த அமெரிக்கக் கம்பெனியோடு 1996-இல் கூட்டு நிறுவனம் அமைத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், மரம் எங்கே நின்றது என்பது சந்தேகத்துக்கு இடமின்றிச் சீட்டில் எழுதப்பட்டிருந்ததே. இடத்தை எழுதியதால் ஒரு தேசத்துக்கு உரிமை கிடைத்தது. ஆளை எழுதினால் ஆளுக்குக் கிடைக்கும் என்பதில் என்ன ஐயம்?

இங்கே சேகரிப்பதையே குற்றமாகப் பார்க்கும் மனப்பான்மையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காட்டிலிருந்து ஒரு கிளையை ஒடிப்பவன் காட்டைச் சூறையாடுகிறான் என்னும் எண்ணம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் அளவு என்று ஒன்று உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையில் நாத்தபோடைட்டீஸ் என்ற சிறு மரம் ஒன்று வளர்கிறது. பூ துர்நாற்றம் வீசும். சீனத்து மரமொன்றிலிருந்து 1966-இல் பிரித்தெடுக்கப்பட்ட ‘காம்ப்டோதெசின்’ என்னும் புற்றுநோய் மருந்துப்பொருள் நம் மரத்திலும் உண்டென்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்து பின் பம்பாய்க்குச் சென்ற கோவிந்தாச்சாரியும் அவர் சகா விசுவநாதனும் 1972-இல் அறிவித்தார்கள். அவர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்தது சொற்பம். அதன் பிறகு ஏற்றுமதிக்காக மரத்தை வேரோடு சாய்த்துச் சில்லுகளாக்கி டன் கணக்கில் ஏற்றினார்களே, அதனால்தான் பல பகுதிகளில் அந்த மரம் அருகிப்போயிற்று. மாதிரித்தாளின் மேல் கோபம் கொள்வோர் லாரியின் மேல் கொள்ள வேண்டும். அருகிவிட்ட செடி எங்கெங்கே முன்பு இருந்தது என்று சொல்லக்கூடியவையும் அந்தப் பழைய தாள்களே.

சேகரிப்புக்கு வக்காலத்து வாங்கும் நான், பிரயோஜனமற்ற சேகரிப்புக்கு வாங்கவில்லை. தாவரவியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் செய்முறைத் தேர்வுக்கு இத்தனை உலர்தாள் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் நம் கல்லூரிகளில் நெடுநாளாக இருக்கிறது. ஆண்டுதோறும் சுற்றுலாப் பேருந்து நின்ற இடத்தில் இறங்கி, கைக்கெட்டிய ஆர்கிட்டையும் பெரணியையும் பிடுங்கி, விடுதியில் மெத்தைக்கடியில் அழுத்தி, இடமும் தேதியும் சரியாக எழுதப்படாத சீட்டுடன் சமர்ப்பிப்பார்கள்; மதிப்பெண் விழுந்தபின் அவை அலமாரியின் மேல் பூச்சிக்கு இரையாகும். முந்தின ஆண்டு மாணவரின் தாள்களைப் பெயர் மாற்றிச் சமர்ப்பிப்பவர்களும் உண்டு. காட்டின் நன்மையைக் கருதினால் அவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது. முப்பது தாள் வேண்டாம், மூன்று போதும். தெருவோரத்துத் தும்பையும் நாயுருவியுமாக இருக்கட்டும். சீட்டு மட்டும் பிழையின்றி இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், சேகரிப்பைத் தடுப்பது அதன் நோக்கமன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறிக்கலாகாதென்று பட்டியலிட்ட தாவரங்களைக்கூடக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும், விஞ்ஞான நிறுவனங்களின் ஹெர்பேரியத்துக்கும் உரிய அனுமதியோடு எடுக்கலாம் என்று இடம் வைத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், புதிதாக ஓர் இனத்தைக் கண்டறிபவர் அதன் மாதிரியைக் குறிப்பிட்ட நிலையங்களில் ஒப்படைத்தே தீரவேண்டும் என்று விதிக்கிறது. சேகரித்தால்தானே ஒப்படைக்க முடியும்? நடைமுறையிலோ, புலிகள் காப்பகத்தில் ஒரு பருவத்துப் பூக்களைச் சேகரிக்க விண்ணப்பிக்கும் ஆராய்ச்சி மாணவர், அலுவலகத்துக்கு அலுவலகம் கோப்பு நகர்ந்து அனுமதி வருவதற்குள் பூ உதிர்ந்துவிட்டதைக் காண்கிறார். வாணிபத்தின் வழக்கோ வேறு. வழக்கமாக விற்பனையாகும் சரக்கு என்று அறிவிக்கப்பட்ட தாவரங்களுக்குச் சட்டத்தின் பிடி தளர்கிறது. இந்தியக் கம்பெனிகளும் உள்ளூர் மக்களுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தும், 2023-இல் வந்த திருத்தம், நூல்களில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோர்க்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்துவிட்டது.

நூலில் எழுதப்பட்ட அறிவு என்னும் இந்தப் பாகுபாடு எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது. மஞ்சளின் மேல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை 1997-இல் ரத்து செய்வித்ததும், வேம்பின் மேல் ஐரோப்பா கொடுத்ததை 2000-இல் நீக்கச் செய்ததும் நம் முன்னோர் எழுதிவைத்ததாலும், கண்முன் பயன்பட்டு வந்ததை மெய்ப்பிக்க முடிந்ததாலும் பெற்ற வெற்றிகள். அவற்றில் பெருமை கொள்கிறேன். ஆனால் எழுத்தில் உள்ளதே அறிவு என்னும் அளவுகோல், அந்நியரோடு வழக்காடுகையில் நமக்கு ஆயுதமாகவும், நம்மிடையே உள்ள காணிக்கும் இருளருக்கும் எதிராக வேலியாகவும் ஆகிவிட்டது. சித்தர் ஏடுகளில் உள்ளதைக் கம்பெனி இலவசமாக எடுத்துக்கொள்ளும். ஏட்டில் இல்லாதது வாய்மொழி, அதற்குச் சாட்சி இல்லை என்று சொல்லும். இஞ்சிக்குழியில் ஒரு கிழவர் சொன்னதை எழுதிவைக்காமல் விட்ட சேகரிப்பாளர், தாம் அறியாமலே அந்தக் கம்பெனியின் கட்சிக்குச் சேவகம் செய்தவராகிறார்.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. அறிவு ஒரு குலத்தின் பொதுச்சொத்தாயிருக்க, ஒருவர் பெயரை மட்டும் எழுதினால் அவரே உரிமையாளர் ஆகிவிடாரா என்பது ஒன்று. பிலாத்திகளின் கடிதமே இதற்குச் சான்று. ஆகையால் ஆளின் பெயரோடு குடியிருப்பின் பெயரும், குடியிருப்பின் சம்மதத்துடன் சொன்னாரா, தாமாகச் சொன்னாரா என்பதும் எழுதப்பட வேண்டும். பெயரைப் பகிரங்கமாக எழுதினால் தரகர்கள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள் என்பது மற்றொன்று. இது நியாயமான அச்சம். தாள்களைப் படமெடுத்து உலகத்துக்கெல்லாம் கணினியில் காட்டுகின்ற இந்நாளில் இன்னும் நியாயமானது. எனவே தாளின் மேல் ஓர் எண் மாத்திரம் இருக்கட்டும். அந்த எண்ணுக்குரிய பெயரும் பேச்சும், ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் சொல்கிறதே, அந்த மக்கள் பதிவேட்டில் இருக்கட்டும். அந்தப் பதிவேடுகள் பல இடங்களில் கெடுவுக்கு அஞ்சி அவசரமாக நிரப்பப்பட்டவை என்பதை அறிவேன். உண்மையான ஒரு வேலை கொடுத்தால்தான் அவை உண்மையான பதிவேடுகள் ஆகும்.

மூன்றாவது ஆட்சேபம் எல்லாவற்றிலும் கனமானது: பறிக்கும்போது எதற்குப் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்? 1840-களில் அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய உருளைக்கிழங்கு நோயின் கிருமியை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலர்த்திவைத்த இலைகளிலிருந்தே 2013-இல் மரபணு வழியாக அடையாளம் கண்டார்கள். உலர்த்தியவர்களுக்கு மரபணு என்னும் சொல்லே தெரியாது. இன்று ஒரு தாளின் சிறு துணுக்கிலிருந்து மரபணு எழுத்துவரிசையைப் படித்துக் கணினியில் ஏற்றிவிட்டால், செடியைத் தொடாமலே வேறொரு கண்டத்தில் மருந்து செய்யலாம். அத்தகைய வரிசைகளால் லாபம் பெறும் கம்பெனிகளிடம் பணம் திரட்டிப் பழங்குடிகளுக்கும் ஒரு பங்கு சேர்ப்பதற்கு, கொலம்பியாவின் காலி நகரில் 2024-இல் கூடிய நாடுகள் ஒரு நிதியத்துக்கு இசைந்திருக்கின்றன. நிதி சேர்ந்தால் நல்லது. சேர்ந்தால் யாருக்குக் கொடுப்பது? ராட்லரின் தாளிலும் வைட்டின் தாளிலும் இனி எந்தப் பெயரையும் நாம் சேர்க்க இயலாது. இனிமேல் ஏறும் தாள்களில் இயலும்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. கோயம்புத்தூர் சேகரத்திலும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் சீட்டுகளை அச்சடிப்பவர்கள் அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது, ‘சேகரித்தவர்’ என்னும் வரிக்குக் கீழே ‘காட்டியவர் – பதிவேட்டு எண்’ என்று ஒரு வரி கூட்டினால் தொடக்கத்துக்குப் போதும். தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. அந்த வரி நிரப்பப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பூ உதிருமுன் அனுமதி கிடைக்கும்படி வனத்துறையோடு பேசி ஏற்பாடு செய்வது அதன் வேலை. குறிஞ்சியினத்துச் செடிகளில் சில, பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பூக்கின்றன என்பதை அந்த அலுவலர்கள் கவனத்தில் கொள்வார்களாக.